துறைகள் வளர்கின்றன, உள்ளே போகிறவர்கள் யார்?

(மாணவர்கள் நடத்திய படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் ஜி.டி.பி. எண்ணை வெளியிடுகிறது. அன்று மாலை தொலைக்காட்சிகளில் அது கிரிக்கெட் ஸ்கோர் போல ஓடுகிறது. ஜப்பானை முந்திவிட்டோம், உலகின் நான்காவது பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டோம் என்று 2025 மே மாதத்தில் கொண்டாடினார்கள். நம் கூட்டங்களில் நாம் இந்த எண்ணைத் தொடுவதில்லை. வன்கொடுமை, ஆணவக் கொலை, இடஒதுக்கீடு, பஞ்சமி நிலம் இவையெல்லாம் நம் பொருள், ஜி.டி.பி. பொருளாதாரப் பேராசிரியர்களின் பொருள் என்று ஒதுங்கிவிடுகிறோம்.

அப்படி ஒதுங்கக் கூடாது என்று சொல்லத்தான் வந்தேன். இந்தியாவில் வளர்ச்சி துறைக்குத் துறை வேறுபடுகிறது. ஆனால் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மனிதர்கள் போகும் வழியில் சாதி நின்று சீட்டுக் கிழிக்கிறது. எந்தத் துறை எவ்வளவு வளர்ந்தது என்பதைச் சொல்லும் புள்ளிவிவரம், அந்தத் துறைக்குள் யார் போக முடிந்தது என்பதைச் சொல்வதில்லை. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்க நல்ல தருணம் ஒன்றும் இப்போது வந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எண்கள்

2025 மே இறுதியில் வந்த தற்காலிக மதிப்பீட்டின்படி, 2024-25இல் இந்தியப் பொருளாதாரம் 6.5 சதவீதம் வளர்ந்தது. இது 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கு. இதைத் துறைவாரியாகப் பிரித்தால், கட்டுமானம் 9.4 சதவீதம், அரசு நிர்வாகம், பாதுகாப்பு, பிற சேவைகள் 8.9, நிதி, மனைவணிகம், தொழில்முறைச் சேவைகள் 7.2, வேளாண்மை 4.6, உற்பத்தித் தொழில் 4.5. அதாவது கட்டடமும் சேவையும் ஓடுகின்றன. ஆலை மெதுவாக நடக்கிறது. வயல் மழையைப் பார்த்து ஏறி இறங்குகிறது.

இனி இன்னொரு கணக்கு. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் வேளாண்மையின் பங்கு ஏறத்தாழ 18 சதவீதம். ஆனால் வேலை செய்வோரில் 46 சதவீதம் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். இது 2023-24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு தரும் எண். நூறு படி நெல் விளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரில் 46 பேர் 18 படியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மீதி 54 பேருக்கு 82 படி. வயலில் இருப்பவரைவிட வெளியே இருப்பவர் தலைக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. இதுவும் சராசரிதான். அந்த 54 பேருக்குள்ளும், 46 பேருக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதுதான் நம் கதை.

பாடநூல் சொன்ன பாதை

பொருளாதாரப் பாடநூல்கள் ஒரு பாதையைச் சொல்கின்றன. நாடு வளர வளர மக்கள் வயலை விட்டு ஆலைக்குப் போவார்கள், ஆலையிலிருந்து அலுவலகத்துக்குப் போவார்கள். தென்கொரியாவும் சீனாவும் அப்படித்தான் மாறின.

நம் ஆட்களில் இதை முதலில் எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். 1918இல், 27 வயதில், இந்தியாவில் சிறு நிலவுடைமைகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதுதான் வறுமைக்குக் காரணம், துண்டுகளைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று அன்றைய அறிஞர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை மறுத்தார். நோய் நிலத்தின் அளவில் இல்லை. வேறு போக்கிடம் இல்லாமல் நிலத்தின் மேல் குவிந்து கிடக்கும் உழைப்பில் இருக்கிறது, தொழில்மயமாக்கலே மருந்து என்று வாதிட்டார்.

அந்த மருந்து வேலை செய்கிறதா? 2004-05இல் வேளாண்மையில் இருந்தவர்கள் 58.5 சதவீதம். 2011-12இல் 49 சதவீதம். 2018-19இல் 42.5. பாதை சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்து வந்தது கொரோனா. 2020-21இல் 46.5 ஆக ஏறியது. தொற்று முடிந்து, பொருளாதாரம் மீண்டு, வளர்ச்சி எண்கள் கொண்டாடப்பட்ட பிறகும் அது இறங்கவில்லை. 2023-24இல் 46.1. உற்பத்தித் தொழிலில் இருந்தவர்கள் 2018-19இல் 12.1 சதவீதம், 2023-24இல் 11.4. வளரும் நாட்டில் மக்கள் ஆலையிலிருந்து வயலுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்றால், அந்த வளர்ச்சி அவர்களுக்கு வேலை வைத்திருக்கவில்லை என்று பொருள்.

பெண்களின் கணக்கு இதைவிடத் தெளிவாக இருக்கிறது. உழைப்புச் சந்தையில் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம் என்று அரசு பெருமையாகச் சொல்கிறது. பெரிய ஏற்றம்தான். ஆனால் வேலை செய்யும் பெண்களில் 64 சதவீதம் பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள். 2017-18இல் இது 57. சுயதொழில் செய்யும் பெண்களின் மாத வருமானம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2017-18இல் 4,348 ரூபாய்; 2023-24இல் 2,950 ரூபாய். இது எதிர்க்கட்சியின் கணக்கு இல்லை, ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையிலேயே இருக்கிறது. வேலை கூடியது, வருமானம் சுருங்கியது. வீட்டில் ஆடு மேய்ப்பதும் வயலில் கூலியில்லாமல் உதவுவதும் வேலையாக எண்ணப்பட்டிருக்கிறது. எண்ணப்பட வேண்டியதுதான். ஆனால் அதைக் காட்டி வேலைவாய்ப்பு பெருகிவிட்டது என்று சொல்ல முடியாது.

வயல்: யாருடைய 4.6 சதவீதம்?

வேளாண்மை 4.6 சதவீதம் வளர்ந்தால் அது யாருக்குப் போகிறது? நிலம் வைத்திருப்பவருக்கு. நாட்டின் மொத்தச் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு. மக்கள்தொகையில் அவர்கள் 16.6 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நிலத்தில் வேலை செய்யும் பட்டியல் சாதியினரில் பத்துக்கு ஏழு பேருக்குக் குறையாமல் பிறர் நிலத்தில் கூலிகள்தான். நல்ல மழை பெய்து விளைச்சல் கூடினால் அவர்களுக்குக் கூடுதலாகச் சில நாள் வேலை கிடைக்கும், அவ்வளவே. அறுவடை இயந்திரம் வந்துவிட்ட ஊரில் அதுவும் கிடையாது.

ரிசர்வ் வங்கி வெளியிடும் கூலித் தரவை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜான் த்ரேஸ் ஒரு கணக்குப் போட்டார். 2014-15 முதல் 2021-22 வரை விவசாயக் கூலியின் உண்மை மதிப்பு ஆண்டுக்கு 0.9 சதவீதம்தான் கூடியது. கட்டுமானக் கூலி ஆண்டுக்கு 0.2 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணை நினைவில் வையுங்கள்.

கட்டுமானம்: திறந்திருக்கும் ஒரே கதவு

விழுப்புரம் மாவட்டத்தில் என் ஆய்வுக்காகச் சேரிகளில் வீடு வீடாகப் போனபோது, முப்பது வயதுக்குக் குறைந்த ஆண்கள் பகலில் கண்ணில் படவே இல்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்ட்ரிங், கம்பி கட்டு, பெயின்ட் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு மேஸ்திரி ஒரு தெருவையே அழைத்துக்கொண்டு போயிருந்தார். இந்தத் துறைக்குள் நுழையச் சான்றிதழ் வேண்டாம், முதலீடு வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம். தெரிந்த மேஸ்திரி ஒருவரும் தாங்குகிற உடம்பும் போதும்.

இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் அப்பா அந்தக் கதவு வழியாக வெளியே வந்தவர். ஆண்டையின் வயலில் கூலிக்குக் கைகட்டி நின்றவருக்கு, வாரக் கூலியைக் கையில் எண்ணி வாங்குவதும், டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பதும் விடுதலைதான். ஊரில் கூலி உயர்வு கேட்க முடிந்ததே இளைஞர்கள் வெளியே போகத் தொடங்கிய பிறகுதான் என்று பெரியவர்கள் பலர் என்னிடம் சொன்னார்கள். நகரத்துக்குப் போவதில் ஒரு சாதி எதிர்ப்பு இருக்கிறது.

ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அடுத்த கதவு இருக்கிறதா? சித்தாள் கொத்தனார் ஆகலாம், கொத்தனார் மேஸ்திரி ஆகலாம். அவருடைய மகன்? அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை இதற்கு விடை தருகிறது. 2004இல் தினக்கூலித் தொழிலாளியின் மகன் தினக்கூலியாகவே இருப்பது எல்லாச் சாதியிலும் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினரில் 86, மற்றவர்களில் 83. பெரிய வேறுபாடு இல்லை. 2018இல் மற்றவர்களுக்கு அது 53 ஆகக் குறைந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 76.

தோழர்களே, இந்த நான்கு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2004க்கும் 2018க்கும் இடைப்பட்டதுதான் இந்தியா மிக வேகமாக வளர்ந்த காலம். இரண்டு கூலிக்காரர்கள் ஒரே இடத்தில் தொடங்கினார்கள். ஒருவரின் மகன்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளியேறிவிட்டார்கள். மற்றவரின் மகன்களில் நால்வருக்கு மூவர் அங்கேயே நிற்கிறார்கள். இருவருக்கும் வறுமை ஒன்றுதான். வேறுபட்டது சாதி.

ஒன்பது சதவீதம் வளரும் துறையில் கூலி ஏன் அசையவில்லை என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு ஆண்டுகளின் கணக்கு என்பதை மறக்காமல் சொல்கிறேன்: வயலிலிருந்து வெளியே வருபவர்கள் எல்லோரும் ஒரே கதவின் முன் குவிந்தால், அங்கே பேரம் பேச யாருக்கும் வலு இருக்காது.

ஆலை

உற்பத்தித் தொழிலை வளர்க்க ஒன்றிய அரசு 2020இல் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 14 துறைகளுக்கு ஒதுக்கியது 1.97 லட்சம் கோடி ரூபாய். தமிழ்நாடு இதில் முன்னணியில் நிற்கிறது. 2024-25இல் நம் மாநிலத்தின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலர். நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நால்வர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வட மாவட்டங்களிலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் நம் தெருப் பெண்களும் இருக்கிறார்கள். பஞ்சாலைக்கோ செங்கல் சூளைக்கோ போயிருக்க வேண்டியவர்கள் அவர்கள். இது மாற்றம்தான்.

ஆனால் நாடு முழுவதும் ஆலைத் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு ஆண், பெண், நேரடி, ஒப்பந்தம் என்று பிரித்து எண்ணுகிறது. சாதியை எண்ணுவதில்லை. மக்கள் வரியிலிருந்து லட்சம் கோடிக் கணக்கில் ஊக்கத்தொகை பெறும் கம்பெனிகளில் நிரந்தரத் தொழிலாளர் யார், ஏஜென்சி ஆள் யார், சூப்பர்வைசர் யார் என்று கேட்டால் சொல்ல எந்த அரசிடமும் கணக்கு இல்லை.

சேவைத் துறையின் மேல்மாடியும் பாதாளமும்

நாட்டின் உற்பத்தி மதிப்பில் பாதிக்கு மேல் தருவது சேவைத் துறை. இதை ஒரே துறை என்று அழைப்பதே ஒரு ஏமாற்று. இதன் மேல்மாடியில் வங்கி, மென்பொருள், ஆலோசனை நிறுவனங்கள். கீழே உணவு டெலிவரி, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங். அதற்கும் கீழே சாக்கடைக் குழி.

மேல்மாடியின் கதவைப் பற்றி 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு: சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். அனுப்பியவை 4,808 விண்ணப்பங்கள். சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் காத்ரின் நியூமனும் தில்லிப் பகுதியில் மனிதவள மேலாளர்களைச் சந்தித்தார்கள். தகுதியை மட்டுமே பார்ப்பதாகச் சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணி முக்கியம் என்றும் சொன்னார்கள். ‘அப்பா என்ன செய்கிறார், சொந்த ஊர் எது, எந்தப் பகுதி’ என்ற கேள்விகளை வளாக நேர்காணலில் சந்தித்தவர்கள் இந்த அறையிலேயே இருப்பீர்கள். அந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது என்றுதான் சொல்வார்கள்.

உச்சியில் யார்? 2010ஆம் ஆண்டுத் தரவை வைத்து ஆயிரம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த கட்டுரை 2012இல் வெளிவந்தது. ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான இயக்குநர்களில் 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். பிற்படுத்தப்பட்டோர் 3.8. பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5.

பாதாளத்தில் யார்? நமஸ்தே திட்டத்தின்கீழ் கணக்கெடுக்கப்பட்ட 38,000 கழிவுநீர், செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர் என்பது 2024இல் வெளியான அரசுத் தரவு. 2019 முதல் 2023 வரை குழியில் இறங்கி இறந்தவர்கள் 377 பேர் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. மேல்மாடியும் பாதாளமும் ஒரே ‘சேவைத் துறை’. இரண்டின் வளர்ச்சியையும் ஒரே எண்ணில் எழுதுகிறார்கள்.

சுருங்கும் வாசல்

‘அதற்குத்தான் இடஒதுக்கீடு இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. எங்கே? ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்களில் 2013 மார்ச்சில் 17.3 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2022 மார்ச்சில் 14.6 லட்சம். அதே காலத்தில் அங்கே ஒப்பந்தத்திலும் தினக்கூலியிலும் இருப்பவர்களின் பங்கு 19 சதவீதத்திலிருந்து 42.5 சதவீதமாக ஏறியது. இடஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அது செல்லுபடியாகும் இடத்தைச் சுருக்கினார்கள். தமிழ்நாட்டின் 69 சதவீதமும் அரசு வாசலோடு நின்றுவிடுகிறது. தனியார் துறையைப் பொறுத்தவரை 2006இல் தொழில் கூட்டமைப்புகள் தாமாக முன்வந்து வாய்ப்பளிப்பதாக ஒப்புக்கொண்டன. ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகிவிட்டது. கட்டாயப்படுத்தும் சட்டம் வரவில்லை.

வளர்ச்சியே சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புகிற நண்பர்களும் நமக்குள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் ஓர் உண்மை உண்டு. தோல் தொழிலில் பட்டியல் சாதியினர் 1983இல் தம் மக்கள்தொகைப் பங்கைப்போல் நான்கு மடங்கு இருந்தார்கள். 2021இல் 1.4 மடங்காகக் குறைந்திருக்கிறது. குலத்தொழிலின் கட்டு தளர்ந்திருக்கிறது. ஆனால் குலத்தொழிலை விட்டு வந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் எது என்று பார்த்தால், பெரும்பாலும் அது தினக்கூலிதான். பழைய சாதி, தொழிலின் பெயரால் இருந்தது. புதிய சாதி, வேலையின் தரத்தால் இருக்கிறது.

1918இல் தொழில்மயமாக்கலை மருந்தென்று சொன்ன அம்பேத்கர், 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற கோரிக்கை அறிக்கையில், அடிப்படைத் தொழில்களும் வேளாண் நிலமும் அரசிடம் இருக்க வேண்டும், நிலம் சாதி வேறுபாடின்றிக் கூட்டாக உழப்பட வேண்டும் என்று எழுதினார். ஆலை வந்தால் மட்டும் போதாது, ஆலை யார் கையில், நிலம் யார் கையில் என்ற கேள்வியையும் அரசமைப்பிலேயே தீர்த்துவிட வேண்டும் என்று அவர் கருதியதாக நான் படிக்கிறேன்.

இப்போது என்ன கேட்பது?

நல்ல தருணம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 1931க்குப் பிறகு முதல்முறையாக, வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இதுவரை நடந்த விவாதம் முழுவதும் எந்தச் சாதி எத்தனை பேர் என்பதைச் சுற்றியே. அது தேவைதான். அதோடு நின்றால் சாதிச் சங்கங்களின் சீட்டுப் பேரத்துக்கு மட்டுமே அது பயன்படும்.

2011 கணக்கெடுப்புப் படிவத்திலேயே ஒருவர் என்ன வேலை செய்கிறார், எந்தத் துறையில் செய்கிறார், முதலாளியா, தொழிலாளியா, சுயதொழிலா என்ற கேள்விகள் இருந்தன. சாதியையும் துறையையும் ஒரே அட்டவணையில் குறுக்கே வைத்து வெளியிட்டால் போதும், நான் இன்று சிதறிய ஆய்வுகளிலிருந்து பொறுக்கிச் சொன்னதை நாடே ஒரே பக்கத்தில் படிக்கும். 2011இல் எடுத்த சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பின் சாதித் தரவு வெளியிடப்படவே இல்லை. மறுபடியும் அது நடக்கக் கூடாது.

எனவே நம் கோரிக்கைகள் இவை. ஒன்று, சாதி, துறை, வேலையின் வகை மூன்றும் சேர்ந்த அட்டவணைகளை மாவட்ட அளவில் வெளியிட வேண்டும். இரண்டு, ஊக்கத்தொகையோ, அரசு நிலமோ, வரிச்சலுகையோ பெறும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர்களின் சமூகக் கணக்கைப் பதவி வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பொதுப்பணம் வாங்குபவர் பொதுக்கணக்குக் காட்டுவதில் அநியாயம் ஒன்றும் இல்லை. மூன்று, அரசு, பொதுத்துறை ஒப்பந்த வேலைகளிலும் இடஒதுக்கீடு வேண்டும். நான்கு, தனியார் துறை இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் வேண்டும். ஐந்து, குழிக்குள் மனிதர் இறங்கும் வேலையை எந்தத் துறையின் கணக்கிலும் இனிச் சேர்க்க வேண்டாம். அந்த வேலையே இருக்கக் கூடாது.

இவற்றில் முதல் கோரிக்கை மற்ற நான்குக்கும் அடிப்படை. எண்ணிக்கை இல்லாத இடத்தில் நம்மிடம் ‘ஆதாரம் எங்கே’ என்பார்கள். ஆதாரம் திரட்டும் அதிகாரமும் அவர்களிடமே இருக்கும். ஆய்வு மாணவனாகச் சொல்கிறேன்: நம்மில் புள்ளியியல் படிப்பவர்கள், பொருளாதாரம் படிப்பவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும். அட்டவணை வந்த மறுநாளே அதைப் படித்து நம் மக்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்த காலாண்டு ஜி.டி.பி. எண் வரும்போது தொலைக்காட்சியை மாற்றிவிடாதீர்கள். எந்தத் துறை வளர்ந்தது என்று பாருங்கள். அந்தத் துறையில் உங்கள் தெருவிலிருந்து யார் இருக்கிறார்கள், எந்தப் படியில் இருக்கிறார்கள், நிரந்தரமா ஒப்பந்தமா என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.